ஒரு விலையின் பயணம்: சின்னப்பம்பட்டி முதல் ஜெட்டா வரை

2017 பிப்ரவரி 20. பெங்களூரில் ஐ.பி.எல். ஏலம். பென் ஸ்டோக்ஸைப் புனே அணி 14.5 கோடிக்கு எடுத்த நாள் அது. நாடு முழுக்க அந்த எண்ணைப் பற்றியே பேச்சு. சேலம், ஈரோடு, கோவைப் பக்கம் மட்டும் வேறொரு எண்ணைப் பேசிக்கொண்டிருந்தோம். டி. நடராஜன், இடக்கை வேகப்பந்து வீச்சாளர், அடிப்படை விலை 10 லட்சம். கிங்ஸ் லெவன் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்திருந்தது. போட்ட விலையைப்போல் முப்பது மடங்கு.

நடராஜனின் வாழ்க்கையைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் பின்தொடர நினைப்பது அந்த விலையை. 2017-இல் 3 கோடி. அடுத்த ஆண்டே 40 லட்சம். 2022-இல் 4 கோடி. 2024 கடைசியில் 10.75 கோடி. கை அதே கை, பந்து அதே யார்க்கர். விலை மட்டும் எங்கெங்கோ போய்வந்தது. ஒரு வீரரின் விலையை அவருடைய திறமை தீர்மானிக்கிறது என்று நம்பித்தான் நாம் ஏலம் பார்க்கிறோம். இந்த ஒரு விலையைக் கூடவே நடந்து பார்த்தால், அதை ஏற்றி இறக்கியவை பெரும்பாலும் காலண்டரும் விதிப்புத்தகமும் அடுத்தவர் காயமும்தான் என்று தெரிகிறது.

விலை பிறப்பதற்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்க வேண்டும். சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம், எடப்பாடிப் பக்கம் தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் ஒன்று சின்னப்பம்பட்டி. அப்பா தறியில் கூலி, அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை. இருபது வயதுவரை நடராஜன் போட்டது டென்னிஸ் பந்து.

கொங்குநாட்டு டென்னிஸ் பால் டோர்னமென்டைப் பார்த்தவர்களுக்கு வீரர் பரிமாற்றம் புதிதல்ல. ஏரிக்கரையிலோ, அறுவடை முடிந்த காட்டிலோ மைதானம் போடுவார்கள். முதல் பரிசு ரொக்கம், கூடவே ஆள் உயரக் கோப்பை, மைக் கட்டி வர்ணனை. பரிசுத்தொகை ஏற ஏற, ஊர் அணிக்குள் வெளியூர் முகங்கள் தெரியத் தொடங்கும். "எடப்பாடிக்காரங்க ரெண்டு ஆள இறக்கிட்டாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பும். பஸ் காசு, மதியச் சாப்பாடு, ஜெயித்தால் கையில் ஏதோ கொஞ்சம். ஒப்பந்தம் அவ்வளவுதான். எந்த ஊர் யாரை இறக்கப்போகிறது என்ற வதந்தி, ஆட்டத்துக்கு முந்தைய ராத்திரி டீக்கடையில் ஆட்டத்தைவிடச் சூடாக ஓடும். அப்படி இறக்கப்படுகிற ஆள் பெரும்பாலும் கடைசி ஓவர் போடத் தெரிந்தவனாக இருப்பான். சின்ன மைதானம், கனமில்லாத பந்து, குறுக்கே சுற்றினாலே எல்லை தாண்டும். அங்கே தப்பிக்க ஒரே வழி, மட்டை கீழே இறங்குவதற்குள் பந்தைக் கால் விரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இடக்கைக்காரன் அதைச் செய்தால் கோணம் இன்னும் கொடுமை. விக்கெட்டுக்கு வெளியே கிளம்பி, வலக்கை ஆட்டக்காரனின் காலடிக்கு உள்ளே வரும். மட்டையை நேராக இறக்க இடமே இருக்காது. எந்தப் பயிற்சி நிலையமும் நடராஜனுக்கு யார்க்கரைச் சொல்லித்தரவில்லை. அந்த மைதானங்களின் அளவுதான் சொல்லித்தந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஊரிலிருந்து சென்னைக்கு அனுப்பியவர் ஜெயப்பிரகாஷ். பின்னாளில் ஐ.பி.எல். சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று நடராஜன் போட்டுக்கொண்டது அவருக்காகத்தான். சென்னை லீக்கில் நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு விஜய் கிளப், பிறகு ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டனில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். அதோடு பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகாரும் வந்தது. கையை மடக்கி விரிக்கும் விதத்தை அடியிலிருந்து மாற்ற வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு விலை என்று ஒன்று கேட்டிருந்தால் யாரும் கை தூக்கியிருக்க மாட்டார்கள்.

2016-இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டி.என்.பி.எல். போட்டியைத் தொடங்கியது. அப்போது ஏலம் கிடையாது, டிராஃப்ட். வீரர்களைத் தரம் பிரித்து, தரத்துக்கு ஒரு தொகை வைத்து, அணிகள் முறைவைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அமெரிக்க பேஸ்பாலில் 1965 முதல் புது வீரர்களை இப்படித்தான் எடுக்கிறார்கள். முந்தைய சீசனில் பின்தங்கிய அணிக்கு முதலில் எடுக்கும் வாய்ப்பு கிடைப்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை. பணக்கார அணி எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நடராஜனை எடுத்தது திண்டுக்கல் டிராகன்ஸ். தூத்துக்குடி அணிக்கு எதிரான ஆட்டம் சமனில் முடிந்து சூப்பர் ஓவருக்குப் போனது. பந்தை நடராஜனிடம் கொடுத்தார்கள். யார்க்கர் மேல் யார்க்கர். டிவியில் அதைப் பார்த்த ஐ.பி.எல். தேர்வாளர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அந்த 3 கோடியின் விதை அந்த ஒரு ஓவர்.

அந்தத் தூத்துக்குடி அணிதான் பிறகு இடம் பெயர்ந்து சேலம் ஸ்பார்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. வீரர்கள் மட்டுமல்ல, அணிகளே மூட்டை கட்டிக்கொண்டு கொங்குப் பக்கம் வந்து சேர்ந்த கதையும் இதே காலத்தில் நடந்தது.

3 கோடிக்குப் போன நடராஜன் 2017-இல் ஆறு ஆட்டம் ஆடி இரண்டு விக்கெட் எடுத்தார். விலையின் சுமை ஒரு புது ஆள் தோளில் எப்படி இறங்கும் என்பதை அந்த ஆறு ஆட்டங்களில் பார்க்க முடிந்தது. 2018 ஜனவரி ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு வாங்கியது. அணிகளின் கையிருப்பு அந்த ஆண்டு 66 கோடியிலிருந்து 80 கோடியாக ஏறியிருந்தது. சந்தையில் காசு பெருகியும் இந்த விலை சரிந்தது. 2018, 2019 இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பந்துவீச்சுப் பயிற்சியாளராக முத்தையா முரளிதரன் அங்கே இருந்தது, தமிழ் மட்டுமே சரளமாகப் பேசிய ஒருவருக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை ஊகிக்கலாம்.

2020-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் சீசன் நடந்தபோது புவனேஷ்வர் குமார் காயத்தில் போனார். நடராஜன் 16 ஆட்டங்களில் 16 விக்கெட். அபுதாபி எலிமினேட்டரில் ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்த சீசன் முழுக்க அவர் சம்பளம் அதே 40 லட்சம்தான். விலை 2018-லேயே நின்றுகொண்டிருந்தது, ஆள் எங்கேயோ போய்விட்டார். ஏலத்தில் எடுத்த தொகை அடுத்த ஏலம்வரை உறைந்துபோகும் என்பதுதான் விதி. இளம் வீரர்களை இந்த விதி நெடுங்காலம் வாட்டியிருக்கிறது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

அதன் பிறகு வந்த மூன்று மாதங்களில் அவர் வாழ்க்கையின் பெரிய மாற்றங்கள் நடந்தன. ஒன்றுக்கும் விலை கிடையாது. ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வலைப்பயிற்சியில் பந்துபோட நான்கு பேரைக் கூடுதலாக அழைத்துச் சென்றார்கள். அதில் ஒருவர் நடராஜன். வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டைக் காயம், அவர் இடத்தில் டி20 அணிக்குள் வந்தார். நவ்தீப் சைனிக்கு முதுகுவலி, ஒருநாள் அணிக்குள் வந்தார். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் அறிமுகம், இரண்டு நாள் கழித்து அதே ஊரில் டி20 அறிமுகம். டெஸ்ட் தொடரில் உமேஷ் யாதவ் காயம். கடைசி டெஸ்டுக்குள் பும்ராவும் அஸ்வினும் ஜடேஜாவும் வரிசையாக விழ, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் வெள்ளைச் சட்டை. முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயர் கிடைத்தது. ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டியில் சாரட்டு வண்டியில் ஏற்றி அழைத்துப்போனார்கள்.

அடுத்தவர் காயத்தில் கதவு திறந்தால் அதே கதவு நம் காயத்தில் இன்னொருவருக்கும் திறக்கும். 2021 ஐ.பி.எல்.லில் இரண்டு ஆட்டத்தோடு முழங்கால் போயிற்று, அறுவைச் சிகிச்சை. செப்டம்பரில் திரும்பி வந்தவருக்குக் கொரோனா. அவருக்குப் பதில் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர் அணியில் வலைப்பயிற்சிக்குப் பந்துபோட்டுக்கொண்டிருந்த ஜம்முக்காரர் உம்ரான் மாலிக். 150 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார், நாடே திரும்பிப் பார்த்தது. நவம்பரில் சன்ரைசர்ஸ் அவரை 4 கோடிக்குத் தக்கவைத்தது. நடராஜனை விடுவித்தது. 2022 பிப்ரவரி ஏலத்தில் அதே சன்ரைசர்ஸ் நடராஜனைத் திரும்ப வாங்கியது. விலை 4 கோடி. இடம் கொடுத்தவருக்கும் இடம் பிடித்தவருக்கும் ஒரே தொகை.

அந்த சீசனில் 11 ஆட்டத்தில் 18 விக்கெட். 2023-இல் 12 ஆட்டத்தில் 10. 2024-இல் 14 ஆட்டத்தில் 19. அந்த ஆண்டு ஏப்ரலில் டெல்லியில் நடந்த ஆட்டத்தில் டெல்லி கேப்பிடல்ஸுக்கு எதிராக 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். 19-வது ஓவரில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஓவரைப் பார்த்த அணி எது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் உள்ளூர்ச் சந்தையையும் சொல்லிவிட வேண்டும். டி.என்.பி.எல். 2023-இல் டிராஃப்டைக் கைவிட்டு ஏலத்துக்கு மாறியது. மாமல்லபுரத்தில் இரண்டு நாள், அணிக்கு 70 லட்சம் கையிருப்பு. லைகா கோவை கிங்ஸ் சாய் சுதர்சனுக்கு 21.6 லட்சம் கொடுத்தது. ஐ.பி.எல்.லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். அந்த 20 லட்சச் சம்பளத்தில்தான் அவர் மே மாத இறுதியில் சென்னைக்கு எதிரான ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 அடித்தார். இரண்டு வாரத்தில் கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் வந்து நின்றார். ஜூலையில் கோவை கோப்பையைத் தூக்கியது. ஐ.பி.எல். சந்தை கண்டுகொள்ளத் தாமதித்த ஒரு மதிப்பைக் கோவை முதலில் கண்டுகொண்டது என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. 2024 சீசனுக்கு முன் திருப்பூர் தமிழன்ஸ் சாய் கிஷோரை 22 லட்சத்துக்கும் நடராஜனை 11.25 லட்சத்துக்கும் எடுத்தது. ஐ.பி.எல்.லில் கோடிகளில் இருந்தவரின் உள்ளூர் விலை லட்சங்களில். ஒரே நேரத்தில் ஒரு வீரருக்கு இரண்டு சந்தையில் இரண்டு விலை ஓடிக்கொண்டிருந்தது.

ஏலம் தவிர இன்னொரு வழியும் உண்டு, டிரேட். 2009 சீசனுக்கு முன்பே மும்பையும் பெங்களூரும் ஜாகீர் கானையும் ராபின் உத்தப்பாவையும் மாற்றிக்கொண்டன. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும், தொகை தெரியாது. டிரேட் அந்த மாதிரி. அதனால்தான் வதந்தி அத்தனையும் டிரேடைச் சுற்றி முளைக்கிறது. 2025-இல் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார் என்ற பேச்சு மாதக்கணக்கில் ஓடியது. கோவை டீக்கடைகளில் தினமும் ஒரு புதுக் கணக்கு. ஜடேஜாவைக் கொடுப்பார்களாமே, சேர்த்து இன்னொருத்தரும் போவாராமே என்று. நவம்பரில் துண்டை எடுத்தபோது சாம்சனுக்குப் பதிலாக ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போயிருந்தார்கள். பேஸ்பாலில் ஒரு வீரரை அவர் சம்மதம் கேட்காமலேயே மாற்றிவிடலாம், சில மூத்தவர்களைத் தவிர. ஐ.பி.எல்.லில் வீரர் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நம் ஏற்பாடு மனிதரை மதிக்கிறது.

இப்போது ஜெட்டா. 2024 நவம்பர் 24, சவூதி அரேபியா. ஏலத்துக்கு முன்பே சன்ரைசர்ஸ் கிளாசன், கம்மின்ஸ், அபிஷேக் சர்மா, ஹெட், நிதிஷ் ரெட்டி ஆகிய ஐவரையும் தக்கவைத்து 75 கோடியைச் செலவழித்திருந்தது. கையில் மிச்சம் 45 கோடி. ஐவரும் சர்வதேச ஆட்டம் ஆடியவர்கள். அப்படிப்பட்டவர்களை ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. அதனால் வேறு அணி சொன்ன விலையைச் சமன்செய்து பழைய வீரரைத் திரும்பப் பெறும் உரிமையும் நடராஜன் விஷயத்தில் அவர்களுக்கு இல்லை. அந்த அக்டோபரில் நிதிஷ் ரெட்டி இந்தியாவுக்கு ஆடாமல் இருந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

ஏலத்தில் முதலில் வந்த பெயர் அர்ஷ்தீப் சிங். இடக்கை வேகம், கடைசி ஓவர், யார்க்கர். சன்ரைசர்ஸ் 18 கோடிவரை கேட்டது. பஞ்சாப் அந்த விலையைச் சமன்செய்து தன் ஆளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அன்றைக்குச் சந்தை இடக்கைக்கு என்ன கொடுக்கத் தயார் என்பது அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு சன்ரைசர்ஸ் ஷமியை 10 கோடிக்கும் ஹர்ஷல் படேலை 8 கோடிக்கும் இஷான் கிஷனை 11.25 கோடிக்கும் எடுத்தது. 29.25 கோடி காலி. அதற்கப்புறம் வேகப்பந்து வீச்சாளர் பட்டியல் திறந்து நடராஜன் பெயர் வந்தபோது, பழைய வீட்டில் அவரைத் திரும்ப அழைக்கத் தெம்பு இல்லை.

அடிப்படை விலை 2 கோடி. மூன்று கோடிக்கு மேல் ஒவ்வொரு கை தூக்கலும் 25 லட்சம். படிப்படியாக ஏறி 10.75 கோடியில் சுத்தியல் விழுந்தது. வாங்கியது டெல்லி. நடராஜன் கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2021 மார்ச், புனே. சாம் கரன் மட்டையோடு நிற்க, கடைசி ஓவரில் 14 ரன்னைக் காத்து ஆட்டத்தை வென்று கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்றரை வருஷம் இந்தியச் சட்டை இல்லை. விலையோ அவர் வாழ்நாளின் உச்சம். அணிகளின் கையிருப்பு 120 கோடியாகியிருந்தது, இடக்கைக்காரர்கள் குறைவு, அர்ஷ்தீப் கணக்கைத் தொடங்கி வைத்திருந்தார். பந்தும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது 2018-லும் இருந்தது.

2025 சீசனில் டெல்லி அவருக்கு இரண்டே ஆட்டம் கொடுத்தது. ஸ்டார்க், முகேஷ் குமார் இருவரையும் தாண்டி இடம் கிடைக்கவில்லை. "ஏனுங்ணா, இவ்ளோ காசு குடுத்து வாங்கி உக்கார வெக்கறதுக்கா?" என்ற கேள்வியை அந்த இரண்டு மாதம் காந்திபுரத்திலும் கேட்டேன், பெருந்துறையிலும் கேட்டேன். எனக்கும் வருத்தம்தான். 40 லட்சத்தில் 16 ஆட்டம், 10.75 கோடியில் 2 ஆட்டம். விலை உயர்ந்தால் ஆட்டம் கூடும் என்ற நம் எண்ணத்தை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து கலைத்துவிட்டன. பந்துவீச்சாளருக்குத் தேவை பந்து. பெஞ்சில் கிடைக்கும் கோடி அவர் கையைக் காப்பாற்றாது. அந்த ஜூலையில், அவர் பெயர் பட்டியலில் இருந்த திருப்பூர் தமிழன்ஸ், திண்டுக்கல்லை அதன் சொந்த மண்ணில் 118 ரன் வித்தியாசத்தில் வென்று முதல் கோப்பையை எடுத்தது.

ஐ.பி.எல். சம்பளத்தில் ஒரு பங்கு எங்கே போனது என்று சின்னப்பம்பட்டிக்குப் போனால் பார்க்கலாம். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்த நடராஜன் கிரிக்கெட் மைதானம் அங்கே இருக்கிறது. மைய ஆடுகளங்கள், பயிற்சி ஆடுகளங்கள், உடற்பயிற்சிக் கூடம், சின்ன காலரி. தோல் பந்தைத் தொட இருபது வயதுவரை காத்திருக்க வேண்டிய நிலை இனி அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. அதே ஊரிலிருந்து பெரியசாமி ஏற்கெனவே டி.என்.பி.எல். வரை வந்தவர்.

டெல்லி 2026 சீசனுக்கு அவரைத் தக்கவைத்தது. தொகை அதே 10.75 கோடி. ஜெட்டா ஏலத்தில் பிறந்த விலைகளுக்கு ஆயுள் மூன்று சீசன், 2027 வரை. அதற்குப் பிறகு நடராஜன் ஆட விரும்பினால் ஏலத்துக்கான பதிவுப் படிவத்தை எடுக்க வேண்டும். அதில் அடிப்படை விலை என்று ஒரு இடம் இருக்கும். வயது 36-ஐத் தொட்ட ஓர் இடக்கை யார்க்கர்காரர் அந்த இடத்தில் என்ன எண்ணை எழுதுவது என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும்.